சட்டைப்பைக்குள் ஒரு விளக்கு



நமது நாடு நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் அமைந்தது. ஆதலின் இங்கு அந்தி நெடுநேரம் நில்லாது. ஞாயிறு மறைந்து அரைமணி நேரம் கழியுமுன்னரே வேலியும் ஒழுங்கையும் ஒரே கறுப்பாகிவிடும். வெளிச்சம் இருக்கிறதென்று நம்பி வயலுக்கோ கடைக்கோ புறப்பட்டவர் திரும்பி வரும்போது இருளிலேதான் வருவார். இப்படிப்பட்ட நாட்டில் வாழும் நாம் ஒரு சிறு விளக்கைக் கூடவே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்னும் முழுமையாகப் பெற்றோமில்லை. அவ்விளக்கை எப்படித் தேர்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதிலே எனக்கு அக்கறை பிறந்த கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கார்த்திகை மழைக்காலத்தில், வன்னியில் என் சின்னம்மா வீட்டிலே தங்கியிருந்தேன். பகலிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. மைம்மற் பொழுதில் அவர் விறகு எடுக்கக் கொட்டிலுக்குப் போனார். வெறுங்கால். பத்தடி தூரந்தான். அங்கே சருகோடு சருகாய்க் கிடந்த புடையன் பாம்பு காலிலே தீண்டிவிட்டது. அலுமாரியின் மேலே மூன்று பெரிய மின்கலங்கள் இடும் நீண்ட டோர்ச் விளக்கு ஒன்று இருந்தது. எடுத்து ஆளியைத் தள்ளினேன், எரியவில்லை. மூடியைத் திருகினேன், திரும்பவில்லை. உள்ளே மின்கலங்கள் கசிந்து, ஊதி, குழாயோடு ஒட்டிப்போயிருந்தன. என் கைத்தொலைபேசியிலோ மின்னேற்றம் முடியுந் தறுவாய். அதைக் கொண்டு வண்டி அழைப்பதா, காலைப் பார்ப்பதா? வண்டியைத்தான் அழைத்தேன். அரசாங்க மருத்துவமனையில் விஷமுறி மருந்து ஏற்றினார்கள். பல நாள் கிடந்து சின்னம்மா பிழைத்து எழுந்தார்.

(பாம்பு தீண்டினால் வாயைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், பாம்பைத் தேடி அலைவதும் வேண்டா. காலை அசையாது வைத்து விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே செய்யத்தக்கது. பேச்சின் நடுவே ஆயினும் இதனைச் சொல்லாமல் விட மனமில்லை.)

அன்று வீட்டில் விளக்கு இல்லாமலில்லை. பெரிய விளக்கே இருந்தது. ஆனால் அது அலுமாரியின் மேல் இருந்தது. சின்னம்மாவின் கையில் இருக்கவில்லை. கையில் ஒரு விரற்கடை அளவான சிறு விளக்கு இருந்திருப்பின் அவர் அந்தச் சருகிலே காலை வைத்திருக்கமாட்டார். நான் இன்று சொல்லப்போகும் யாவும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பனவே.

டோர்ச் விளக்கைப் பாடநூல்கள் 'மின்சூள்' என்று கூறும். சூள் என்பது பந்தத்தைக் குறிக்கும் சொல். இரவிலே கடலோரத்தில் ஓலைச் சூள் பிடித்து மீன் பிடித்தவர்கள் நம்மவர். மின்னாலான சூளோ மேல்நாட்டிற் பிறந்தது. டேவிட் மிசெல் என்பவர் அமைத்த கைவிளக்கிற்கு 1899 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவிலே காப்புரிமை வழங்கப்பட்டது. அந்நாளைய மின்கலம் வலுக்குன்றியது. குமிழோ மின்னை விழுங்குவது. தொடர்ந்து எரிக்க முடியாமையால் அழுத்துவதும் விடுவதுமாக அதனைப் பயன்படுத்தினர். ஆங்கிலத்தில் அதற்கு மின்னி மறையும் விளக்கு எனப் பொருள்படும் பெயர் வந்தது இதனாலேயாம். பின்பு ஏறக்குறைய நூறாண்டு காலம் அடிப்படை மாறவில்லை. இழை பொருத்திய குமிழ், அதற்குப் பின்னே ஒளியைத் தெறிக்கும் கிண்ணம், அதற்குப் பின்னே வரிசையாக மின்கலங்கள். நாம் சிறுவராயிருந்தபோது வீட்டுக்கு வீடு இருந்த இரண்டு கல டோர்ச் தந்த ஒளி ஏறக்குறைய 10 லூமன் அளவினதே. லூமன் என்பது ஒரு விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியை அளக்கும் அலகு. அந்தப் பத்து லூமனை வைத்துக்கொண்டுதான் நம் பெற்றோர் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் சென்று வந்தார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மாற்றம் வந்தது 1990 களிலே. பிரகாசமான நீல ஒளிகாலும் இருவாயியை ஜப்பானிய அறிஞர் ஆக்கினர். நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சொன்றை இட்டு வெள்ளொளியைப் பெற்றனர். அக்கசாக்கி, அமனோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் நோபெற் பரிசு கிடைத்தது இந்த நீல ஒளிக்காகவே. நாம் கடையில் எல்.ஈ.டி. என்று கேட்டு வாங்குவது இந்த இருவாயியைத்தான். பழைய குமிழ் பெற்ற மின்சக்தியிற் பெரும்பங்கை வெப்பமாக்கி வீணாக்கிற்று. இதுவோ அதே சக்தியைக் கொண்டு பன்மடங்கு ஒளி தருகிறது. அதனாலேயே மூன்று பெரிய கலங்கள் செய்த வேலையைச் சுண்டுவிரல் அளவான ஒரு கலம் செய்யக்கூடியதாயிற்று; விளக்கு அலுமாரியிலிருந்து சட்டைப்பைக்கு இறங்கி வந்தது.

இனி, எதனை வாங்குவது? கடையிலே முதலில் நமக்குக் காட்டப்படுவது பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண். ஆயிரம் லூமன், மூவாயிரம் லூமன், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த எண்ணைப் பார்க்கவேண்டா, மின்கலத்தைப் பாருங்கள். விளக்கு என்பது ஒரு பாத்திரமே. உள்ளே உள்ள நீரளவுக்குத்தான் அதிலிருந்து முகந்து கொடுக்க முடியும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. கணக்கென்றால் அஞ்சுவோர் அஞ்சவேண்டா. கலைப் பட்டதாரியாகிய எனக்கே விளங்கிய கணக்கு இது. நாம் பென்டோர்ச் மின்கலம் என்று வாங்கும் கலம் 14.5 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதன் மீள மின்னேற்றத்தக்க வகையில் 2000 மில்லியம்பியர் மணி அளவும் 1.2 வோல்ற்று அழுத்தமும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் 2.4 வாற்று மணி. நல்ல எல்.ஈ.டி. ஒன்று, இடைவழி நட்டங்கள் போக, ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும் என்று கொள்வோம். ஆகவே அந்தக் கலத்தினுள் இருப்பது 240 லூமன் மணி. 240 லூமனில் எரித்தால் ஒரு மணி நேரம்; 24 லூமனில் எரித்தால் பத்து மணி நேரம்; 5 லூமனில் எரித்தால் இரண்டு இரவும் பகலும். தொலைக்காட்சியின் தொலையியக்கியில் இடும் மெல்லிய கலத்தில் இருப்பது இதன் பாதிக்கும் குறைவு. 18650 என்று எண்ணிட்டு வரும் லிதியம் கலம் 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது; அதில் ஏறக்குறைய ஆயிரம் லூமன் மணி அடங்கும். எனவே ஒற்றைச் சிறு கலம் இட்ட விளக்கின் பெட்டியிலே இரண்டாயிரம் லூமன், பத்து மணி நேரம் என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருப்பின், அச்சிட்டவர் நம் கணக்கறிவைப்பற்றிக் கொண்டுள்ள எண்ணம் வெளிப்பட்டுவிடும். 18650 கலத்தின்மேல் 9900 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருப்பதும் அத்தகையதே. தரமான நிறுவனங்கள் செய்யும் அவ்வளவுடைய கலம் 3500 இற்கு அண்மையிலேயே நின்றுவிடுகிறது.

அந்த எண் பொய்யில்லாத விளக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. விரலளவு உலோகக் குழாய் ஆயிரம் லூமனுக்குரிய வெப்பத்தைத் தாங்காது. சில நிமிடங்களில் கை சுடும். விளக்கு தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியிலுள்ள எண் அந்தச் சில நிமிடத்துக்கு உரியது.

ஆகவே நான் முதலிற் கேட்பது, இவ்விளக்கின் மிகக் குறைந்த ஒளி எவ்வளவு என்பதே. கடைக்காரர் சற்றே வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும். இருளுக்குப் பழகுவதற்கு நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். அப்படிப் பழகிய கண்ணின்முன் ஐந்நூறு லூமனைத் திடீரெனத் திறந்தால் ஒளிவட்டம் தெரியும். அதற்கு வெளியே உலகமே தெரியாது. அணைத்தபின் சில நிமிடம் குருடர்போலவே நிற்கவேண்டும். இரவிலே குழந்தைக்கு மருந்து எடுக்க ஒன்று அல்லது இரண்டு லூமன் போதும். முற்றத்தைக் கடக்க இருபது, முப்பது போதும். நூறு, நூற்றைம்பது இருந்தால் ஒழுங்கையின் முடிவில் நிற்பது மாடோ மனிதரோ என்று அறியலாம். இந்த மூன்று படிகளும் உடைய விளக்கே நல்விளக்கு. அழுத்தியதும் குறைந்த படியே முதலில் எரிய வேண்டும். சில விளக்குகளில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒளி துடித்துத் துடித்து எரியும் படிகள் இரண்டு மூன்றைக் கடந்தே வேண்டிய படிக்கு வரவேண்டியிருக்கிறது. சவுக்காலையில் தனியே நிற்பவருக்கு அது உதவுமோ என்னவோ, மழையிலே குடையோடு நிற்பவருக்கு உதவாது.

ஒளி செல்லும் தூரத்தைப் பற்றியும் பெட்டிகள் பேசும். 2009 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட கைவிளக்கு நியமத்தின்படி, தூரம் என்பது ஒளி முழுநிலவின் வெளிச்சத்தளவுக்குக் குன்றிவிடும் இடம். நூறு மீற்றர் என்றால், நூறாவது மீற்றரிலே நிலவொளி அளவே விழும். நிலவொளியிலே சருகையும் பாம்பையும் பிரித்தறிய முடியுமா என்பதை நேயர்களே சொல்லட்டும். தூரத்தை இரட்டிக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். ஆதலின் தூரத்தைத் துரத்துபவர் பெரிய விளக்கிலேயே போய் முடிவார். நமக்கு வேண்டியது காலடியிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் வரை அகலமாக விரியும் மென்மையான ஒளி. வில்லையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் வகை கடையிலே கண்ணைக் கவரும். இழுபடும் அந்த இடுக்கினூடாகவே மழைநீரும் மணலும் புகும் என்பதால் நான் அதனை விரும்புவதில்லை.

ஒளியின் நிறத்தையும் பார்த்தே வாங்கவேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளொளி கடையில் பிரகாசமாகத் தோன்றும். ஆனால் அதன்கீழே மண், சருகு, மரப்பட்டை, புடையனின் முதுகு யாவும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். சற்று மஞ்சள் தோய்ந்த ஒளியில் கபிலநிற வேறுபாடுகள் துலங்கும். புண்ணையோ மாத்திரையின் நிறத்தையோ பார்ப்பதற்கும் அதுவே நன்று. இரண்டையும் வாங்குமுன் உங்கள் உள்ளங்கையிலே பாய்ச்சிப் பாருங்கள். கை பிணத்தின் கைபோல் தோன்றினால் மற்றதை எடுங்கள்.

இனி மின்கலத்தின் வகை. மின்னேற்றும் லிதியம் விளக்குகள் இப்பொழுது மலிந்துள்ளன. கைத்தொலைபேசியின் மின்னேற்றியையே இவற்றிற் பலவற்றுக்கும் செருகலாம். நகரத்தில் வாழ்வோர்க்கு அவை தக்கன. ஆயினும் மின்சாரம் இல்லாத நேரத்துக்கென வாங்கும் விளக்கு மின்சாரத்தையே நம்பியிருப்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததனால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்ததையும் கண்டோம். அதற்கும் முன்னே, 1990 களில் வடக்கிலே வாழ்ந்தவர்கள் மின்கலத்தின் அருமையை வேறு யாரிலும் நன்கு அறிவர். தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்றாயிருந்த காலம் அது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்தோம். மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஒரு சோடி பென்டோர்ச் மின்கலத்தை வெயிலிலே காயவைத்து, இன்னும் ஒரு செய்தியறிக்கைக்குத் தாங்காதா என்று பார்த்த தலைமுறை நாம்.

அந்த நினைவாலோ என்னவோ, கிராமத்து நேயர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒற்றைப் பென்டோர்ச் மின்கலத்தில் எரியும் விளக்கையே. எந்தப் பெட்டிக்கடையிலும் அக்கலம் கிடைக்கும். சுவர்க்கடிகாரத்திலிருந்தும் கழற்றி இடலாம். ஒன்றே ஆதலின் பழையதையும் புதியதையும் கலந்து இடும் தவறுக்கு இடமில்லை. ஓர் எச்சரிக்கை மாத்திரம் உண்டு: அதே பருமனிலே 14500 என்னும் லிதியம் கலமும் விற்பனையாகிறது. அதன் அழுத்தம் 3.7 வோல்ற்று. 1.5 வோல்ற்றுக்கு மட்டும் ஆக்கிய விளக்கில் அதனை இட்டால் விளக்கு கருகிவிடும்.

கசிவே என் சின்னம்மா வீட்டு விளக்கைக் கொன்றது. சாதாரணக் கலமாயினும் அல்கலைன் கலமாயினும் தீர்ந்தபின் உள்ளே கிடந்தால் கசியும். ஆகவே அன்றாடப் பாவனைக்கு மீள மின்னேற்றத்தக்க நிக்கல் வகைக் கலமே நலம். அது கசிவது அரிது. அவசரத்துக்கென ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதாயின் ஒருமுறை மட்டும் பாவிக்கும் லிதியம் கலத்தை வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் பத்தாண்டுக்கு மேலும் வலுக்குன்றாது கிடக்கும். அல்கலைன் கலம் கசிந்து வெண்பூ பூத்திருந்தால், கலத்தை அகற்றிவிட்டுப் பஞ்சிலே சிறிது தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்து, பின் ஈரமின்றி உலர்த்துங்கள். கையிலும் கண்ணிலும் படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயோடு ஒட்டும் வரை விட்டால் எந்தப் புளியாலும் பயனில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆளி பின்புறத்தில் இருந்து, ஒரு கையால் இயக்கத்தக்கதாயிருக்க வேண்டும். மறுகையில் குடையோ குழந்தையோ இருக்கும். அவ்வாளி சற்றுக் குழிந்து இருந்தால் சட்டைப்பைக்குள் தானே எரியாது. பல உலோக விளக்குகளில் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் சுற்று அறுபட்டு எரியாதிருக்கும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறியீடு போதும். கிணற்றிலோ வயல்நீரிலோ விழுத்தக்கூடியவர் ஐ.பி.எக்ஸ். 7 கேட்கவேண்டும், ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். புரியிலுள்ள றப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் அந்தக் குறியீடும் போய்விடும்.

கைத்தொலைபேசியிலே விளக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், நகரத்து வீட்டுப் படிக்கட்டுக்கு அதுவே போதும். ஆனால் அன்றிரவு எனக்கு நேர்ந்த இக்கட்டு அதனால் வந்ததே. ஒளிக்கும் அழைப்புக்கும் ஒரே மின்கலம் என்றால், ஒன்றைச் செலவிட்டால் மற்றது குறையும். ஈரக்கையோடு அதனைப் பிடிப்பதும் தவறவிடுவதும் தனிக்கதை.

பருமனைப் பற்றிய தீர்ப்பை அவரவர் உடையே வழங்கவேண்டும். காற்சட்டை அணிபவருக்குப் பென்டோர்ச் மின்கல விளக்கு பாரமாகாது. சாரத்து மடியிலே செருகுபவருக்கும் சேலை அணியும் பெண்களுக்கும் அதுவே பாரமாகலாம். அவர்கள் தொலையியக்கிக் கலமிட்ட மெல்லிய விளக்கை வாங்கித் திறப்புக்கோவையோடு கோத்துக்கொள்ளட்டும். ஒளி குறைவுதான், ஆனால் வீட்டைப் பூட்டும் திறப்பை யாரும் அலுமாரியின் மேல் மறந்து வைப்பதில்லை.

சின்னம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அத்தகையதே. எழுபது மில்லிமீற்றர் நீளம். 'இதென்ன விளையாட்டுச் சாமானா, தம்பி?' என்று அப்போது கேட்டார். இப்போது அது மஞ்சள் கயிறொன்றிலே அவர் கழுத்தில் தொங்குகிறது. சென்ற மாதம் போயிருந்தபோது விறகுக் கொட்டில் வாசலில் நின்று, உள்ளே கால் வைக்குமுன் தரையை இடமிருந்து வலமாக ஒருமுறை ஒளியால் துழாவினார். பின்புதான் குனிந்தார். மாதத்தின் முதல் வெள்ளியில் மின்கலத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் இடுகிறாராம். விளக்கு மங்கவில்லை, ஆனால் கயிறு அழுக்காகிவிட்டது, அடுத்த முறை வரும்போது நல்ல கயிறாக ஒன்று வாங்கி வா என்றார்.